பதிமூன்று மணி நேரம், இருபது நிமிடம்

புதுச்சேரி முதலியார்பேட்டையில் கடலூர் ரோட்டை ஒட்டி நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலம் அது. ஆறு கம்ப்யூட்டர், நடுநடுவே பிளைவுட் தடுப்பு, மணிக்குப் பதினைந்து ரூபாய். காலேஜ் பிள்ளைகள் சாட்டிங்குக்கு வருவார்கள். பிரான்சில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெரியவர்கள் வெப்கேமரா முன்னால் உட்கார்ந்து பேரனைப் பார்த்துக் கையசைப்பார்கள். மத்தியானம் ஒன்றரைக்கு மேல் நாலு மணி வரை கடை காற்று வாங்கும்.

அந்த வெறும் நேரத்தில்தான் கொளஞ்சி முதன்முதலாக வந்தாள். 2006 ஜூன் மாதம். எங்கள் கடையிலிருந்து நாலு கடை தள்ளியிருந்த மெடிக்கலில் பில் போடும் பெண். வயது முப்பதுக்குள் இருக்கும். பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, உப்பளம் பகுதியில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் ராஜவேல் ஒரு லாட்ஜில் எலக்ட்ரீஷியன். அபி என்று ஒரே மகள், மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். மெடிக்கல் மத்தியானம் மூடிக் கிடக்கும் இரண்டு மணி நேரத்தில் கூட வேலை செய்யும் பெண்கள் சாப்பிட்டுவிட்டுத் தலைசாய்ப்பார்கள். இவள் செய்தித்தாளில் கத்தரித்த ஒரு துண்டு விளம்பரத்தோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் டைப் செய்து மாதம் ஆறாயிரம் சம்பாதிக்கலாம் என்று விளம்பரம் சொன்னது. கீழே டவுனுக்குள் ஒரு மாடி அலுவலகத்தின் விலாசம். முன்பணம் மூவாயிரம்.

“இது நெசமாண்ணே? உங்க கடைக்குப் பல பேரு வந்து போறாங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு கேக்கறேன்” என்றாள்.

என்னைப் பற்றி ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த அலுவலகத்தின் ஏஜெண்ட் பிரேம்குமார் என்பவன் பத்து நாளைக்கு முன்னால் என்னிடம் வந்து போயிருந்தான். ஓர் ஆளை அனுப்பினால் இருநூறு ரூபாய் தருவதாகப் பேச்சு. அந்த வேலை உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவும் இல்லை. ஏற்கெனவே நாலைந்து பேரை அனுப்பியிருந்தேன். அவளிடமும், நம் கடைக்கு வருகிறவர்களே சிலர் சேர்ந்திருக்கிறார்கள், தைரியமாகச் சேரலாம் என்றேன்.

அவளுக்குப் பணம் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டதற்குக் காரணம் ராஜவேல். குடிக்கிற ஆள் இல்லை. சூதாட்டம் கிடையாது. ஆனால் அவன் கையில் பணம் தங்காது. டீக்கடையில் நாலு பேர் நின்றால் நாலு பேருக்கும் இவன்தான் காசு கொடுப்பான். தவணையில் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் போதும், தேவையா என்று யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவான். கேமரா வைத்த செல்போன், மிக்சி, வாட்டர் ஃபில்டர், ஒரு தடவை கூட யாரும் ஏறாத உடற்பயிற்சி சைக்கிள் என்று வீட்டில் ஆறேழு தவணைகள் ஓடிக்கொண்டிருந்தன. இருபதாம் தேதிக்கு மேல் வீடு அவள் சம்பளத்தில்தான் நடக்கும். மெடிக்கலில் அவளுக்கு மாதம் இரண்டாயிரத்து இருநூறு.

கம்மலை அடகு வைத்து மூவாயிரம் கட்டினாள். ஒரு சி.டி. கொடுத்தார்கள். அதில் ஏதோ ஆங்கிலப் புத்தகத்தின் பக்கங்கள் படமாக இருந்தன. பார்த்து டைப் செய்து முப்பது நாளில் கொடுக்க வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் தினமும் மத்தியானம் என் கடைக்கு வந்தாள். ஜன்னலோரம் இருந்த மூன்றாம் நம்பர் மெஷின். வலது பக்கத்தில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் பக்கத்தைத் தள்ளுவாள். அந்த முப்பது நாளும் மணிக்குப் பதினைந்து வீதம் என்னிடமும் பணம் கட்டினாள்.

முடித்துக் கொடுத்த பத்தாம் நாள் பதில் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டரை சரியாக இருக்க வேண்டுமாம், இவளுடையது தொண்ணூற்றாறுதானாம், அதனால் சம்பளம் கிடையாது. வேண்டுமானால் இன்னொரு ஆயிரத்தைந்நூறு கட்டிப் புது சி.டி. வாங்கிக்கொள்ளலாம். தப்பு எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி நேரில் போய்க் கேட்டிருக்கிறாள். காட்டவில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடி போனபோது அலுவலகத்தில் பூட்டுத் தொங்கியது. வாசலில் இவளைப் போல இருபது முப்பது பேர் நின்றிருக்கிறார்கள். எல்லாருமாகப் போய் போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் வந்தபோது நான் சண்டையை எதிர்பார்த்தேன். கடையில் வேறு யாரும் இல்லாதது நல்லதாயிற்று என்றுகூட நினைத்தேன். அவள் ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதில் ‘மூலம்’ என்ற கட்டத்துக்கு எதிரே என் கடையின் பெயர் எழுதியிருந்தது. அதுவரை நான் அந்த ரசீதைப் பார்த்ததில்லை.

“ஆளு அனுப்புனா உங்களுக்கு எவ்ளோண்ணே குடுத்தாங்க?”

பொய் சொல்ல வாயெடுத்தேன். ரசீது மேல் அவள் விரல் இருந்தது. இருநூறு என்றேன்.

“எத்தினி பேர அனுப்புனீங்க?”

பதினோரு பேர் என்றேன். ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது. பிறகு சொன்னாள்:

“என் மூவாயிரத்துல எரநூறு உங்ககிட்ட இருக்குது. அத நான் பணமாக் கேக்கல. மணிக்குப் பதனஞ்சு ரூபான்னா பதிமூணு மணி நேரம் இருபது நிமிஷம் வருது. அந்த நேரத்த எனக்கு மெஷின்ல குடுத்துடுங்க. இன்டெர்நெட்டுல நெசமான வேல ஒண்ணாவது இருக்கும்ல. நானே தேடிப் பாத்துக்கறேன்.”

முன்னூறு மணி நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். வேண்டாம் என்றாள். மற்றப் பத்துப் பேருக்கும் இதே போலக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டாள். ஒப்புக்கொண்டேன்.

அந்தப் பதிமூன்று மணி நேரத்தை அவள் செலவழித்த விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். என் கடையில் நாள் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். எதற்கு வந்தோம் என்பதே அவர்களுக்கு எழும்போது மறந்திருக்கும். இவள் உட்காரும்போதே மெடிக்கல் பில்லின் பின்பக்கத்தில் அன்றைக்கு என்ன பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு வருவாள். முதல் நாள், விளம்பரங்களைக் கிளிக் செய்தால் பணம் தரும் தளம். ஒரு மணி நேரம் கிளிக் செய்து பார்த்தாள். மணிக்கு இரண்டு ரூபாய் தேறியது. பதினைந்து ரூபாய் செலவில் இரண்டு ரூபாய் வரவு என்று சொல்லி அதைத் தலைமுழுகினாள். அடுத்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னால் பணம் தரும் தளங்கள். கால் மணி நேரம் பதில் சொல்லி முடித்ததும், உங்கள் நாட்டுக்கு இல்லை என்று வந்தது. எந்தத் தளம் வேலை தருவதற்கு முன்னால் காசு கேட்டதோ அதை அந்த நொடியே மூடினாள். ஆறாவது மணி நேரம் முடிந்தபோது அவள் கையில் ஒன்றுமே இல்லை. எனக்குத்தான் பதற்றமாக இருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் ஏழு மணி நேரம் இருபது நிமிஷம் இருக்கிறது என்று சொல்லி மெடிக்கலுக்குக் கிளம்பினாள்.

எட்டாவது மணி நேரத்தில் அவள் பிரெஞ்சில் தேட ஆரம்பித்தாள். அவளுக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. நம் ஊரில் பிளஸ் டூவில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் வரும் என்று பிள்ளைகள் எடுப்பது வழக்கம். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தும்விடுவார்கள். இவளுக்கு மறக்கவில்லை. மெடிக்கலுக்கு வரும் பிரெஞ்சு பென்ஷன்காரர்களின் மருந்துச் சீட்டுகளைப் படித்துப் படித்துக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்படித் தேடியதில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஆட்கள் ரெயூனியன் என்கிற பிரெஞ்சுத் தீவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போனார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகளின் பிள்ளைகளுக்கு இன்றைக்குத் தமிழ் தெரியாது. பாட்டன் பெயர் மட்டும் பிரெஞ்சு எழுத்தில் ஒரு பழைய காகிதத்தில் இருக்கிறது. அதைப் படமெடுத்துப் போட்டு, இது என்ன பெயர், எந்த ஊர் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் இடம் அது. ஜிஸ்லேன் என்கிற அம்மாள் தன் பாட்டனின் தாத்தாவுடைய காகிதத்தைப் போட்டிருந்தாள். பெயர் என்ற இடத்தில் ‘கொலாந்ஜி’ என்று பிரெஞ்சுக்காரன் எழுதி வைத்திருந்தான். தகப்பன் பெயர் வீராசாமி. ஊர் நல்லூர். கீழே பலர் பதில் எழுதியிருந்தார்கள். அது தமிழில் ‘குழந்தை’ என்பதன் திரிபு, பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்காமல் விட்டிருப்பார்கள் என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார்.

கொளஞ்சி சிரித்தாள். அவள் என் கடையில் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“எம் பேர எனக்கே விளக்கம் சொல்றாங்கண்ணே” என்றாள்.

பிரெஞ்சு அகராதி ஒன்றை இன்னொரு ஜன்னலில் திறந்து வைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எட்டு வரி எழுதினாள். இது குழந்தை இல்லை. விருத்தாசலம் பக்கத்தில் கொளஞ்சியப்பர் என்று ஒரு சாமி இருக்கிறார். அவரை வேண்டிப் பிறந்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இந்தப் பெயரை வைப்போம். என் பெயரும் இதுதான். உங்கள் பாட்டன் அந்தப் பக்கத்து ஆளாக இருக்கலாம். இவ்வளவுதான் எழுதினாள். காசு என்ற பேச்சே இல்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது. ஜிஸ்லேன் அறுபது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர். உங்கள் பதிலைப் படித்துவிட்டு அழுதேன் என்று எழுதியிருந்தாள். அந்த நல்லூருக்குப் போய்ப் பார்த்து, பாட்டனின் வம்சத்தில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துச் சொல்ல முடியுமா, பஸ் செலவும் கூலியும் அனுப்புகிறேன் என்று கேட்டிருந்தாள். கண்டுபிடித்துக் கொடுத்தால் நூறு யூரோ. அன்றைய விலைக்கு ஐயாயிரத்து எழுநூறு ரூபாய்க்கு மேல் வரும்.

அதை அவள் ராஜவேலிடம் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அபியை அம்மா வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் பைக்கில் கிளம்பினார்கள். ராஜவேல் வாயாடி. போன இடத்தில் டீக்கடையில் பத்துப் பேருக்கு டீ சொல்லி, கப்பலேறிப் போன வீராசாமி மகன் கொளஞ்சியைத் தேடி வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது என்று போட்டு உடைத்துவிட்டான். அரை மணி நேரத்தில் மூன்று வீட்டார் சொந்தம் கொண்டாடிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதில் தெய்வசிகாமணி என்கிற பெரியவர் தன் பூட்டனின் பெயர் வீராசாமிதான் என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக நின்றார். வீட்டாரை வரிசையாக நிறுத்திப் போட்டோவும் எடுக்கச் சொன்னார்.

திரும்பி வந்து கொளஞ்சி என்னிடம் நடந்ததைச் சொன்னபோது, அந்தப் போட்டோவை அனுப்பிவிடு என்றுதான் நானும் சொன்னேன். பெரியவருக்கும் சந்தோஷம், அந்த அம்மாளுக்கும் சந்தோஷம், உனக்கும் போன பணம் திரும்பிய மாதிரி ஆகும். ராஜவேலும் இதையேதான் சொல்லியிருக்கிறான்.

அவள் கேட்டுக்கொண்டே போய் உட்கார்ந்தாள். மூன்றாம் நம்பர் மெஷினைப் போட்டுவிட்டு, அது எழுந்து வரும்வரை காத்திருந்தபடி சொன்னாள்:

“இல்லாத சொந்தத்தக் குடுத்துட்டா அந்தம்மா சும்மா இருப்பாங்களாண்ணே? பிளேன் ஏறி வந்து யாரோ ஊட்டு வாசல்ல நின்னு அழுவாங்க. அப்ப அந்த மாடி ஆபீசுக்காரனுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?”

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். இருந்தாலும் அது எனக்கும் சேர்த்துத்தான் என்று பட்டது.

அதற்கப்புறம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேறு இரண்டு நல்லூர்களுக்குப் போய் வந்தார்கள். நம் பக்கத்தில் நல்லூருக்கா பஞ்சம். இந்த முறை ராஜவேலின் சட்டைப் பையில் ஐம்பது ரூபாயை வைத்து, டீ வாங்கிக் கொடு, ஊர்க் கதையைக் கேள், நாம் தேடும் பெயரை மட்டும் வாயைத் திறந்து சொல்லாதே என்று கூட்டிக்கொண்டு போனாள். அப்படிக் கேட்டதில் எங்கேயும் கதை பொருந்தவில்லை. அவள் ஜிஸ்லேனுக்கு உள்ளதை எழுதினாள். மூன்று நல்லூர் பார்த்தேன். எல்லா ஊரிலும் வீட்டுக்கு ஒரு கொளஞ்சி இருக்கிறார். உங்கள் பாட்டன் எந்த ஊர் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வீட்டார் தாங்கள்தான் என்கிறார்கள், ஆனால் பெயரைக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள், அதனால் நான் நம்பவில்லை. பஸ் செலவுக்குப் பதிலாகப் பெட்ரோல் நானூற்று இருபது ரூபாய் ஆனது, அதைமட்டும் அனுப்பினால் போதும்.

பதிமூன்று மணி நேரமும் இருபது நிமிடமும் அந்தக் கடிதத்தோடு முடிந்தது. நூறு யூரோ போயிற்றே என்று எனக்கு ஆற்றாமையாகத்தான் இருந்தது.

பதில் ஒரு வாரம் கழித்து வந்தது. அவள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து மெதுவாக வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆள் ஜிஸ்லேனிடம் நானூறு யூரோ வாங்கிக்கொண்டு ஒரு குடும்பத்தைக் காட்டியிருக்கிறான். இரண்டு வருஷம் அவர்களுடைய பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் அனுப்பிய பிறகுதான் எல்லாம் பொய் என்று தெரிந்திருக்கிறது. ‘எனக்குத் தெரியவில்லை என்று சொன்ன முதல் ஆள் நீதான்’ என்று எழுதியிருந்தாள். நாற்பது யூரோ அனுப்பியிருந்தாள். அதோடு, தங்கள் தீவில் இப்படி வேர் தேடுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருப்பதாகவும், அங்கே எல்லோருக்கும் கொளஞ்சியின் விலாசத்தைக் கொடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தாள்.

கொளஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, போஸ்ட் ஆபீசில் வெளிநாட்டுப் பணம் வாங்க என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்டாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னாலேயே வேலை வர ஆரம்பித்துவிட்டது. பழைய காகிதத்தின் படம் வரும். அதில் மூத்துசாமி, சினாப்பேன், வயித்திலிங்கோம் என்று பிரெஞ்சுக்காரன் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருப்பான். இவள் அது முத்துசாமி, சின்னப்பன், வைத்தியலிங்கம் என்று எடுத்துச் சொல்லி, அந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வழக்கம், எந்தச் சாமியின் பெயர், சொல்லியிருக்கும் ஊர் இப்போது எந்தப் பெயரில் இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புவாள். ஒரு காகிதத்துக்குப் பத்து யூரோ. ஒருவர் அதிகம் என்று பேரம் பேசினார். மரியாதையாக, வேறு யாரையாவது கேட்டுப் பாருங்கள் என்று பதில் எழுதினாள். ஒரு மாதம் கழித்து அவரே திரும்பி வந்தார். தெரியாத பெயராக இருந்தால் தெரியாது என்று எழுதி, காசு வேண்டாம் என்றும் எழுதிவிடுவாள்.

மாதத்துக்கு ஐந்து, ஆறு காகிதம் வந்தது. சில மாதம் ஒன்றுமே வராது. மெடிக்கல் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இதைச் செய்தால் என்ன என்று ஒரு தடவை கேட்டேன். “சம்பளம் கெணத்துத் தண்ணிண்ணே. இது மழ. மழைய நம்பி யாராவது கெணத்தத் தூர்ப்பாங்களா?” என்றாள்.

வந்த பணத்தைச் சேர்த்து முதலில் கம்மலை மீட்டாள். ஓடிக்கொண்டிருக்கும் வட்டியை முதலில் நிறுத்த வேண்டும் என்பது அவள் கணக்கு. அதன் பிறகு ராஜவேலின் தவணைகளில் வட்டி அதிகமானதாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கட்டி முடித்தாள். அது தீர்ந்ததும் அபி பெயரில் போஸ்ட் ஆபீசில் மாதம் ஐந்நூறு போட ஆரம்பித்தாள்.

ராஜவேல் மட்டும் சும்மா இருப்பானா. மனைவிக்கு யூரோவில் பணம் வருகிறது என்றதும் ஒரு ஹோம் தியேட்டர் செட்டின் நோட்டீசோடு வந்தான். பதினெட்டு மாதத் தவணை. கொளஞ்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நோட்டீசைச் சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மூன்று மாதம் கழித்தும் இது வேண்டும் என்று தோன்றினால் ரொக்கமாகவே வாங்கலாம் என்றாள். மூன்று மாதம் கழித்து அவன் கடைக்குப் போய்ப் பார்த்தபோது அதே செட்டின் விலை ஆயிரத்து எண்ணூறு குறைந்திருந்தது. இன்னும் மூன்று மாதம் பொறுத்தால் இன்னும் குறையும் என்று தோன்றி, வாங்காமலே திரும்பி வந்துவிட்டான். அதிலிருந்து அவன் லாட்ஜில் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் தவணையின் கெடுதலைப் பற்றிப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தான் என்று கொளஞ்சி சொல்வாள். டீ வாங்கிக் கொடுப்பதை மட்டும் அவன் நிறுத்தவே இல்லை. அதை நிறுத்தச் சொல்லி அவளும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போனபோது, முன்பின் தெரியாதவர்களை அரை மணி நேரத்தில் பேச வைத்தது அந்த டீதான்.

நான் அனுப்பிய மற்றப் பத்துப் பேரில் ஆறு பேர்தான் தங்கள் மணி நேரத்தைக் கேட்டு வந்தார்கள். கொளஞ்சி தன் மத்தியான நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து, எது ஏமாற்று என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடு, சம்பளத்தை முதலில் சொல்லி வேலையைப் பிறகு சொன்னால் சந்தேகப்படு. இதைத் தமிழில் பெரிய எழுத்தில் அடித்து என் கடைச் சுவரில் ஒட்டச் சொன்னாள். ஒட்டினேன். ஆறு பேரில் அன்புசெல்வி என்று கனகசெட்டிக்குளத்துப் பெண் ஒருத்தி. மீன் வியாபாரக் குடும்பம். அவளும் பிளஸ் டூவில் பிரெஞ்சு படித்திருந்தாள். கடலோரத்து ஊர்களிலிருந்து போனவர்களின் காகிதம் வந்தால் கொளஞ்சி அதை அவளிடம் தள்ளிவிட்டுவிடுவாள். அந்தப் பெயர்களெல்லாம் எனக்குத் தெரியாது, அவளுக்குத்தான் தெரியும் என்பாள். பத்து யூரோவும் முழுசாக அன்புசெல்விக்கே போகும். நடுவில் இவள் ஒன்றும் எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்த வருஷம் பிரேம்குமார் வேறொரு திட்டத்தோடு மறுபடி வந்தான். இந்த முறை ஆளுக்கு ஐந்நூறு. பழைய அலுவலகம் மூடியதைப் பற்றிக் கேட்டதற்கு, அவர்கள் தன்னையும்தான் ஏமாற்றிவிட்டார்கள் என்றான். நான் சுவரில் இருந்த காகிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுப் போய்விட்டான். மூன்றாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்திருந்த கொளஞ்சி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் டைப் அடிக்கும் சத்தம் கொஞ்ச நேரம் நின்றிருந்தது.

2008 தை மாதம் ஜிஸ்லேனே புதுச்சேரிக்கு வந்தாள். பாட்டனின் வீடு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, பாட்டனுக்குப் பெயர் கொடுத்த சாமியையாவது பார்க்க வேண்டும் என்று வந்திருந்தாள். கொளஞ்சி மெடிக்கலில் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு அவளை விருத்தாசலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்த அன்று இரண்டு பேரும் என் கடைக்கு வந்தார்கள். உயரமான, நம் ஊர்க் கறுப்பு நிறத்து அம்மாள். நெற்றியில் விபூதி. அவள் எனக்குக் கைகொடுத்து, “போன்ழூர் முசியே” என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னாள். மூன்றாம் நம்பர் மெஷினை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று கொளஞ்சிதான் அழைத்து வந்திருந்தாள்.

மூன்று நாளைக்கான கூலியைக் கொளஞ்சி என் கடையிலேயே பிரெஞ்சில் பில்லாக டைப் செய்து பிரிண்ட் எடுத்து அவள் கையில் கொடுத்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு பாசமாக இருக்கிறார்கள், வேண்டாம் என்று மறுப்பாள், அந்த அம்மாள் வற்புறுத்துவாள் என்று நினைத்திருந்தேன். ஜிஸ்லேன் பில்லைப் படித்துப் பார்த்து, தலையை ஆட்டி, பணத்தைக் கொடுத்தாள். கொளஞ்சி வாங்கிக் கைப்பையில் வைத்தாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு அவள் என்னிடம் வந்தது மார்ச் மாதம். பழைய மெஷின்களில் இரண்டை மாற்றப் போவதாக நான் சொல்லியிருந்தேன். அதில் ஒன்று வேண்டும் என்றாள். சும்மா எடுத்துப் போகச் சொன்னேன். கேட்கவில்லை. தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டி வந்து திறந்து பார்க்கச் சொல்லி, ஹார்டு டிஸ்க் பழசு என்று ஐந்நூறு ரூபாய் குறைத்து, ஆறாயிரத்துக்கு முடித்தாள். தவணை வேண்டுமா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் நானும் ராஜவேலும் மானிட்டரையும் சி.பி.யு.வையும் ஆட்டோவில் வைத்து உப்பளத்துக்குக் கொண்டுபோனோம். வீட்டில் அபியின் படிப்பு மேசைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிராட்பேண்ட் லைன் ஏற்கெனவே வந்திருந்தது. நான் வயரெல்லாம் மாட்டிப் போட்டுக் கொடுத்தேன். ஐந்து காகிதங்கள் பதிலுக்குக் காத்திருந்தன. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் டீ குடித்துவிட்டுச் சொல்லிக்கொண்டு கிளம்பியதைக் கூட அவள் சரியாகக் கவனிக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் என் மனைவி என்ன இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டாள். தினம் முப்பது ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த வாடிக்கை இன்றோடு நின்றுவிட்டது என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.